பியூஸ் செய்த குற்றம் என்ன?

கார் ஸ்டீரியோவின் பியூஸ் எரிகின்றது. புதியதைப் போட்டால் அதுவும் எரிகின்றது. இதற்கு நம்மவர் கைக்கொள்ளும் வைத்தியம் இரண்டு. 10 அம்பியர் இருந்த இடத்தில் 30 அம்பியரைச் செருகுவது ஒன்று. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிடுவது மற்றையது. சில வேளைகளில் பாட்டும் கேட்கும். ஆபத்தும் அங்கேதான் ஆரம்பமாகின்றது.

பியூஸ், பாடநூல் மொழியில் உருகி, பிரதானமாக வயரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்டது. 10 அம்பியருக்குரிய மெல்லிய வயரில் 30 அம்பியர் பாயுமாயின், பியூஸுக்குப் பதிலாக வயரே உருகும். டாஷ்போர்டின் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதன் காப்புறை தீப்பற்றும்.

இலங்கையில் இக்கோளாறுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. யப்பானின் பண்பலை வரிசை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையிலேயே இருந்தது. பின்னர் 95 வரை விரிந்தது. நமது வரிசையோ 108 வரை செல்கின்றது. எனவே அங்கிருந்து வரும் பாவித்த கார்களில் செட்டை மாற்றுகின்றோம். பூட்டுபவர் தொழிற்சாலைச் செருகியை வெட்டியெறிந்து, வயர்களை முறுக்கி, டேப் சுற்றிவிடுகின்றார். நமது வெயிலில் பசை இளகுகின்றது. டேப் கழன்று, செம்பு காரின் உடற்தகட்டில் முட்டுகின்றது. வெட்டாமல் பொருத்துவதற்கான இடைச்செருகி கடைகளில் கிடைக்கின்றது. பல இலட்சம் கொடுத்து வாங்கிய காரில் அந்தச் சிறு செலவையா மிச்சம் பிடிப்பது?

எப்போது எரிகின்றது என்பதே முதற் தடயம். செருகிய கணமே எரிந்தால், சாவி போடாமலும் மின் பாயும் வயரில் பிழை. புதிய செட்டுகளில் அது பெரும்பாலும் மஞ்சள். சாவியைத் திருப்பியதும் எரிந்தால் சிவப்பு வயரைப் பார்க்க வேண்டும். சத்தத்தைக் கூட்டும்போது மட்டுமெனில், ஸ்பீக்கர் வயர்களையும் பின்னர் பூட்டிய அம்ப்ளிஃபயரையும் சந்தேகிக்கலாம்.

பியூஸ்களை வீணாக்கத் தேவையில்லை. செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பியூஸின் இடத்தில் 12 வோல்ற்று, 21 வாற்று பல்பு ஒன்றைத் தொடுங்கள். அது பிரகாசமாக எரிந்தால் வயரில் குறுக்குச்சுற்று உண்டு. வயர்க்கட்டை மெதுவாக அசைத்துக்கொண்டு செல்லுங்கள்; எவ்விடத்தில் பல்பு அணைகின்றதோ அங்கே பிழை. பல்பு எரியவே இல்லையெனில் பிழை பெரும்பாலும் செட்டுக்குள். யாரேனும் பற்றரியை மாறித் தொடுத்திருந்தால் உள்ளிருக்கும் காப்பு டயோட் பழுதடைந்திருக்கும். அதனை மாற்றுவது வானொலி திருத்துபவருக்குச் சிறு வேலை.