எத்தனை வருஷம் வரும்?

ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் என் செல்போனுக்கும் ஒரே வயது. 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரித்து மாவட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அதே வாரத்தில் நான் வாலாஜாவுக்குப் பஸ் ஏறிப் போய், 10,500 ரூபாய் எண்ணி வைத்து இதை வாங்கினேன். மாவட்டத்தை இன்றைக்கும் எல்லோரும் ‘புது மாவட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். போனுக்கு மட்டும் கிழப்பட்டம் கட்டியாகிவிட்டது.

“இன்னா நைனா, இன்னுமா இந்த டப்பாவ வெச்சினு கீறே?”

மகன் சென்னையிலிருந்து காவேரிப்பாக்கம் வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுவான். மருமகள் அப்படி நேராகக் கேட்கிறவள் இல்லை. “மாமா, பாப்பா டான்ஸ் ஆடுன வீடியோ அனுப்புனேனே, பாத்தீங்களா?” என்பாள். அது என் போனில் இறங்கியிருக்காது என்று அவளுக்கும் தெரியும். வீட்டுக்காரி ஒரே வரியில் முடித்துவிடுவாள். “ஏங்க, ஊரு ஒலகமே சொல்லுது, ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்.”

வாங்கித் தொலைத்திருப்பேன். ஆனால் இதற்கு என்ன கேடு என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டாமா?

கேடு இல்லாமல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 32 ஜிபி இடம் என்று சொல்லி விற்றார்கள். அதில் பாதியை அதுவே தின்றுவிட்டது. மிச்சத்தில் சொந்தக்காரர்கள் அனுப்பும் ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள் குடியேறிவிட்டன. தினமும் அரை மணி நேரம் பூ பறிக்கிறேன், மறுநாள் மறுபடி பூத்துவிடுகிறது. பேட்டரி இன்னும் மோசம். காலையில் 100 காட்டும். டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வருவதற்குள் 60. அப்புறம் 20க்கு வந்ததும் பொசுக்கென்று கண்ணை மூடிக்கொள்ளும். கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்கள், நான் மண்டபத்துச் சுவரில் பிளக் பாயிண்ட் எங்கே என்று பார்க்கிறேன்.

ஆனால் பேசினால் பேசுகிறது. கூப்பிட்டால் கேட்கிறது. போட்டோ எடுத்தால் விழுகிறது. மூன்று தடவை கைதவறிக் கீழே விட்டிருக்கிறேன், உடம்பில் ஒரு விரிசல் கிடையாது. இதை எப்படிப் ‘பழசு’ என்பது?

நான் 27 வருஷம் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவன். பழசு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு ஷூவைக் கையில் வாங்கினால் குதிகாலின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து அந்த ஆள் எப்படி நடப்பான் என்று சொல்லிவிடலாம். விரல் மடங்கும் இடத்தில் தோல் சுருங்கும், அப்புறம் வெடிக்கும். ஆடு உயிரோடு இருந்தபோது முள்வேலியில் உரசிய கீறல்கூட, பதப்படுத்திச் சாயம் ஏற்றிய பிறகும் தோலில் தெரியும். உழைத்த இடம்தான் தேயும், தேய்ந்த இடம்தான் பழசு. சோல் தேய்ந்தால் சோல் மாற்று, தையல் விட்டால் தையல் போடு.

போனில் அப்படித் தேய்ந்த இடம் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் காட்ட ஆளில்லை.

இந்த லட்சணத்தில் ஒருநாள் மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். கம்பெனி பேர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். அரை மணி நேரம் கழித்து என் நம்பர் வந்தது. அந்தப் பெண் மாடல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மாடலுக்கு ஸ்பேர் வர்றதில்ல சார்” என்றாள். பேட்டரிதானேம்மா என்றேன். “அதுவும்தான் சார்.” ஆறு வருஷத்தில் உலகத்தில் அந்தப் போனுக்கு ஒரு பேட்டரி மிச்சமில்லையாம்.

அடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிப்பேர் கடை. ஒரு ஆள் உட்காரும் பெட்டிக்கடைதான், ஆனால் பையன் கெட்டிக்காரன். போனைத் திருப்பிப் பார்த்தான். “ஒரிஜினல் வராது அங்கிள். லோக்கல் போடலாம், எண்ணூறு ரூபா. ஆனா பின்னாடி பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கான், ஹீட் குடுத்துத்தான் தெறக்கணும். தெறக்கும்போது டிஸ்ப்ளே காம்போ ஒடஞ்சா நான் பொறுப்பில்ல.”

என்னுடைய பழைய நோக்கியாவின் முதுகை நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும். பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டால் பாதி வியாதி தீர்ந்துவிடும். இப்போது முதுகைப் பசை போட்டு ஒட்டினால்தான் போன் மெலிசாக இருக்கும், தண்ணீர் இறங்காது என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் ஊர் ஏரியைப் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் வெட்டினார்கள், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்தால் இன்றைக்கும் கடல் மாதிரி நிற்கிறது. மதகு கெட்டால் மதகை மாற்றுகிறோம், மதகு கெட்டுப்போனதே என்று யாரும் வேறு ஏரி வெட்டச் சொன்னதில்லை.

மூன்றாவதாகப் புதுப்போன் கடை. அங்கே உபசாரத்துக்குக் குறைவில்லை, கூல்டிரிங்ஸ்கூடக் கொடுத்தார்கள். “ஃபைவ் ஜி, எட்டு ஜிபி ராம், 128 ஸ்டோரேஜ், 50 மெகாபிக்சல், இஎம்ஐ போட்டுக்கலாம் அங்கிள், ஒரு ரூபா கட்ட வேணாம் இப்போ.” பழசுக்கு என்ன கொடுப்பாய் என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “ஐநூறு” என்றான். நான் சின்னப் பையனாக இருந்தபோது தெருவில் தள்ளுவண்டிக்காரர் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார். அவர் தராசில் கொஞ்சம் ஞாயம் இருந்தது.

கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்டேன். “தம்பி, இது எத்தனை வருஷம் வரும்?”

அந்தப் பையன் சிரித்தான். கேலியில்லை, நிஜமாகவே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்கிள், போன் வாங்க வர்றவங்க யாருமே இத கேக்கறதில்ல. மூணு வருஷம் ஓட்டிட்டு மாத்திக்க வேண்டியதுதான்.”

என் வயிறு எரிந்தது அங்கேதான். நாங்கள் இங்கே செய்த ஷூவெல்லாம் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகும். ஆர்டர் கொடுக்கிற பையர் முதலில் கேட்பதே இந்தக் கேள்வியைத்தான். மேல்தோலில் ஒரு துண்டு வெட்டி ‘ஃப்ளெக்ஸ்’ மெஷினில் மாட்டுவார்கள். நடக்கும்போது மடங்குகிற மாதிரி அது மடக்கி மடக்கி நிமிர்த்தும், ஒரு லட்சம் தடவை வரைக்கும். அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு முடி கனத்துக்கு வெடிப்பு தெரிந்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். இரண்டு வருஷம் போட்டுக் கிழிக்கப்போகிற செருப்புக்கு லட்சம் தடவைக் கணக்கு. பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து வாங்குகிற போனுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு.

மகனிடம் சொன்னேன். “நைனா, போன்ல கெட்டுப்போறது சாஃப்ட்வேர்” என்றான். தோண்டிப் பார்த்தேன். என் போன் ஆண்ட்ராய்டு 9ஓடு வந்தது, 10க்கு ஒரு தடவை மாறியது, அதோடு சரி. பாதுகாப்பு அப்டேட் கடைசியாக வந்தது 2022இல். அதற்குப் பிறகு இந்தப் போன் அநாதை. அதாவது, என் போன் பழசாகிவிட்டது என்று எங்கோ ஒரு மேஜையில் மூன்று வருஷத்துக்கு முன்பே முடிவெடுத்தாகிவிட்டது. நான்தான் விவரம் தெரியாமல் ‘மாத்தலாமா, வேணாமா’ என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருக்கிறேன்.

‘போன் மெதுவாவது உனக்குத்தான் தோணுது’ என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது, பேட்டரி வயசான ஐபோன்களின் வேகத்தை நாங்கள்தான் குறைத்தோம் என்று. திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், 2020இல் 50 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள கம்பெனி சம்மதித்தது. நடுவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தார்கள். புதுப் பேட்டரி போட்டதும் பழைய போன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அதுவரை எத்தனை பேர் போனே போச்சு என்று புதுசு வாங்கியிருப்பார்கள்!

எங்கள் ஷூவை லட்சம் தடவை மடக்கிப் பார்த்த அதே ஐரோப்பா இப்போது போனையும் கேட்க ஆரம்பித்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதுச் சட்டம். பேட்டரியை 800 தடவை முழுசாக ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதம் சார்ஜ் நிற்க வேண்டும். ஒரு மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் ஏழு வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு அப்டேட் வர வேண்டும். கீழே விழுந்தால் தாங்குமா, ரிப்பேர் செய்ய முடியுமா என்பதற்கு லேபிளில் கிரேடு போட வேண்டும். நம் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று இணையதளம் திறந்தார்கள். ரிப்பேருக்கு எது எத்தனை தோது என்று மார்க் போடலாம் என ஒரு குழு 2025இல் அறிக்கையும் கொடுத்திருக்கிறது. அந்த மார்க் எப்போது வாலாஜா கடையின் அட்டைப்பெட்டிக்கு வந்து சேருமோ! செல்போனுக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 18க்கு ஏற்றியது மட்டும் 2020 ஏப்ரல் 1 அன்றே வந்து சேர்ந்துவிட்டது.

இதில் இன்னொரு கூத்து. அந்தப் போன்களெல்லாம் எங்கேயோ சீமையில் செய்கிறதும் இல்லை. எங்கள் ஊர் வழியாகப் போகிற பெங்களூர் சாலையில் கிழக்கே போனால் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர். நோக்கியா 2006இல் அங்கே கம்பெனி திறந்து 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. இன்றைக்கு ஐபோனே அந்தப் பக்கத்தில்தான் தயாராகிறது. எதிர்வீட்டுப் பெண் அங்கே ஒரு போன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் கையில் இருப்பது திரை விரிசல் விட்ட செகண்ட் ஹேண்டு. ஏம்மா, உங்க கம்பெனியிலேயே ஒண்ணு வாங்கக் கூடாதா என்றேன். “அட போங்க பெரியப்பா, போன உள்ள எடுத்துனு போவவே வுட மாட்டாங்க” என்றாள்.

சரி, புதுசு வாங்குகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழசை எங்கே போடுவது? அலமாரி டிராயரில் ஏற்கெனவே நான்கு பிணம் கிடக்கிறது. ஒன்றில் பேட்டரி உப்பி மூடியே தூக்கிக்கொண்டுவிட்டது. குப்பைவண்டியில் போட எனக்கு மனசு வரவில்லை, காரணம் நான் ராணிப்பேட்டையில் வேலை பார்த்தவன். சிப்காட்டில் ஒரு குரோமேட் ஆலை மூடிவிட்டுப் போனபோது விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். 2006இல் உலகத்தின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டை பேரும் அதில் இருந்தது. தோல் மடிகிறதா, வெடிக்கிறதா என்று அத்தனை தடவை பார்த்த நாங்கள், கழுவிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாலாறுதான் அதற்குப் பதில் சொன்னது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பெழுதியதே எங்கள் வேலூர்ப் பக்கத்து டானரி வழக்கில்தான். மின்னணுக் கழிவுக்கும் 2023 ஏப்ரல் முதல் புது விதி இருக்கிறது, செய்த கம்பெனிதான் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்று. என் டிராயருக்கு இன்னும் அந்த விதி வழி கண்டுபிடிக்கவில்லை.

கடைசியில் அந்த ரிப்பேர் பையனிடமே போய் எண்ணூறு ரூபாய்க்கு லோக்கல் பேட்டரி போட்டுக்கொண்டேன். காம்போ உடையவில்லை. இரண்டு நாள் சார்ஜ் நின்றது. மகனுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பெருமை நவம்பர் வரை தாங்கியது. பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க வேண்டும். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். நல்ல வசதிதான். ஆனால் அதற்குப் போனில் குறைந்தது 4 ஜிபி ராம் வேண்டுமாம். என்னுடையது 3. நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒரு ஜிபி குறைகிறது.

முகம் போகட்டும், கைரேகை வைக்கலாம் என்று ஒரு மையத்துக்குப் போனேன். கட்டைவிரலை வைத்தேன், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், ஏற்கவில்லை. அந்தப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்து, “ரேகையே இல்லையே ஐயா, இன்னா வேல பாத்தீங்க?” என்றாள். 27 வருஷம் தோலை இழுத்துத் தடவித் தடவிப் பார்த்த விரல். நான்காவது விரல்தான் ஒருவழியாக ஒத்துக்கொண்டது.

தேய்ந்த இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா? என் கையிலேயே இருந்திருக்கிறது.

பொங்கலுக்கு மகன் வருவான், கையோடு கடைக்குக் கூட்டிப் போவான். வாங்கித்தான் ஆக வேண்டும், தெரியும். ஆறு, ஏழு வருஷம் அப்டேட் தருவோம் என்று எழுத்திலேயே சொல்கிற மாடல்களும் இப்போது உண்டாம், தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பையனிடம் மறுபடியும் கேட்கப்போகிறேன், இது எத்தனை வருஷம் வரும் என்று. பில்லிலேயே எழுதிக் கொடு என்றும் சொல்வேன். அவன் சிரிப்பான். சிரிக்கட்டும். பின்னால் வரிசையில் நிற்கிறவர் காதிலாவது விழும்.