ஏழு நாள் கப்பல்

ஐப்பசியில் மழை வரும் என்று ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு, நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 20-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. ஜனவரியில் மீண்டும் ஓடும் என்றது அறிவிப்பு. கப்பல் ஓடத் தொடங்கியது அக்டோபர் 14-ஆம் தேதி. நாற்பது ஆண்டுக் கனவு நனவாகிவிட்டது என்று மேடையில் முழங்கிய ஒலிபெருக்கியை வாடகைக்காரர் திரும்ப எடுத்துப் போவதற்குள் கனவும் கலைந்துவிட்டது. முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணினாலும் ஏழு நாள்தான்.

மழைக்காலத்தில் கப்பலை நிறுத்தியதை நாம் குறை சொல்லவில்லை. வாடைக் காற்று எழுந்த கடலில் 150 பேர் அமரும் சிறிய கப்பலை ஓட்டச் சொல்ல யாருக்கும் மனம் வராது. பயணிகளின் உயிரோடு விளையாடக் கூடாது. ஆனால், நிறுத்தியவர்களுக்கு அப்போது வந்த இந்த அக்கறை, தொடங்கும் தேதியைக் குறித்தபோது எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கிறோம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20 என்று வானிலைத் துறையே குறித்து வைத்திருக்கிறது. அது ரகசியக் கோப்பு இல்லை. இந்த மழை அக்டோபரில் தொடங்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவைகூட இல்லை. 1977 நவம்பர் புயலைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பிடுங்கிப் போட்ட தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் அப்போதும் காய்க்கத் தொடங்கியிருக்கவில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் மாதம் பிறக்கப்போகிற நேரத்தில் பயணிகள் கப்பலுக்குக் கொடி அசைக்கலாம் என்ற யோசனை, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எவருக்கும் தோன்றியிருக்காது. கடலிலிருந்து வெகு தொலைவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தோன்றும்.

அந்தத் தேதியையாவது ஒழுங்காகக் குறித்தார்களா? அக்டோபர் 8-ல் பயணிகள் இல்லாமல் வெள்ளோட்டம் விட்டார்கள். 10-ஆம் தேதி புறப்படும் என்றார்கள். பிறகு 12 என்றார்கள். கடைசியில் 14 என்றார்கள். அன்று மகாளய அமாவாசை. டெல்டா மாவட்டங்களின் ஜனங்கள் பாதிப் பேர் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்த காலை. மகாளய பட்சத்தில் நம்மூரில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்க மாட்டார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து அரசு நடக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வானிலை அறிக்கையைப் பார்க்கலாம் அல்லவா? வாடிக்கையாளர் யார், அவர் எப்போது பயணம் கிளம்புவார் என்பதைப் பார்க்கலாம் அல்லவா? கடவுச்சீட்டு, விசா, விடுப்பு, அந்தப் பக்கம் தங்க இடம் என்று நாலு ஏற்பாடு செய்தால்தான் ஒரு குடும்பம் கடல் தாண்ட முடியும். ஒரே வாரத்தில் மூன்று தேதி சொல்லும் கப்பலை நம்பி யார் மூட்டை கட்டுவார்கள்?

அதன் பலன் கைமேல் கிடைத்தது. முதல் நாள் மட்டும் சலுகையாகக் கட்டணத்தை ஏறத்தாழ 2,800 ரூபாயாகக் குறைத்தார்கள். அப்படியும் நாகையிலிருந்து ஏறியவர்கள் 50 பேர்தான். திரும்பும்போது 30 பேர். மறுநாள் முழுக் கட்டணம் வந்தது. 6,500 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 7,670 ரூபாய். போய்வர 15,340. முன்பதிவு செய்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே என்பதால் இரண்டாம் நாள் பயணமே ரத்து. தினசரிச் சேவை என்று விழாவில் அறிவித்தது, மூன்றாம் நாளே வாரம் மூன்று நாள் சேவையாகச் சுருங்கியது. அந்த மூன்று நாள் கணக்கும் ஒரு வாரத்தைத் தாண்டவில்லை.

இந்த விலையை நிர்ணயித்தவர்கள் எந்தப் பயணியை மனதில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வசதி உள்ளவர் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொழும்புக்குப் பறந்துவிடுவார். கப்பலுக்கு உரியவர்கள் வேறு ஜனங்கள். யாழ்ப்பாணத்தில் அக்காள், நாகையில் தங்கை என்று இரண்டு கரையிலும் சிதறிக் கிடக்கும் குடும்பங்கள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, அதை நிறைவேற்றக் காசு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள். மூட்டையோடு போய் மூட்டையோடு திரும்பும் சில்லறை வியாபாரிகள். 60 கடல்மைல், அதாவது சுமார் 110 கிலோமீட்டர். மூன்று நான்கு மணி நேரப் பயணம். இந்தத் தூரத்துக்கு விமானத்தோடு போட்டி போடும் விலையை வைத்துவிட்டு, பயணிகளிடம் ஆர்வம் இல்லை என்று குறிப்பு எழுதினால், ஆர்வத்தைக் கொன்ற கையே பிரேத பரிசோதனை அறிக்கையையும் எழுதுகிறது என்றுதான் பொருள்.

இத்தனைக்கும் இந்தக் கப்பலுக்கு ஆள் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிகிறது. நல்லூர்க் கந்தனுக்கு 25 நாள் திருவிழா. அதுவும் ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டித்தான் வருகிறது. ஒரே பருவத்தில் இரண்டு கரைகளிலும் பெருவிழா. அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் கப்பல் நிரம்பி ஓடியிருக்கக் கூடிய காலம் அதுதான். நாகூர் தர்காவின் கந்தூரி இருக்கிறது. திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20-ல் சனிப்பெயர்ச்சி வந்தது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் அந்த நாளில் நம் கப்பல் ஓடவில்லை.

நாகையின் இன்னொரு சொத்து இலங்கையின் பௌத்தர்களுக்கு உரியது. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் நின்ற ஊர் இது. 1856 முதல் இந்த மண்ணில் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகள் சுமார் 350. அவற்றில் பலவற்றைப் பார்க்க நாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. புத்தகயை வரை போகும் இலங்கை யாத்ரிகருக்கு, நாலு மணி நேரக் கடல் தூரத்தில் இப்படி ஒரு புத்த நகரம் இருந்தது என்று சிங்களத்தில் ஒரு துண்டுப் பிரசுரமாவது அச்சிட்டார்களா? நம் கண்ணில் எதுவும் படவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் விழா மேடைப் பதாகைகள்தான். அவற்றில் கப்பலின் படம் சிறியது. தலைவர்களின் படம் பெரியது.

நாகப்பட்டினம் பெரிய ஆலைகள் அதிகம் இல்லாத மாவட்டம். மீனும் நெல்லும் உப்பும் போக மிஞ்சுவது வருகிறவர்களுக்குச் செய்யும் சேவைதான். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, ஆட்டோ, வேன், டிராவல்ஸ், பண மாற்று, வழிகாட்டி என்று ஒரு பயணிக்குப் பின்னால் பத்துப் பேர் பிழைப்பார்கள். சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்து எழுந்து நிற்கும் மாவட்டம். இதற்கு ஒரு கப்பல் வருகிறது என்றதும் எத்தனை பேர் கடனை உடனை வாங்கி அறைக்கு வண்ணம் அடித்தார்கள், வேனுக்குத் தவணை கட்டினார்கள் என்று யாராவது கணக்கு எடுத்தார்களா? அக்கரையிலும் இதே கதைதான். 2022-ன் பொருளாதார நெருக்கடியில் விழுந்த நாடு, வரும் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியையும் எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நாட்டுக்கு அதிகப் பயணிகளை அனுப்புவது இந்தியாதான். ஆனால் அவர்கள் கொழும்பில் இறங்கித் தெற்கே போய்விடுகிறார்கள். வடக்கைப் பார்க்க வருகிறவர் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து அரை மணித் தூரத்தில் இருக்கும் காங்கேசன்துறையில் பயணி இறங்கினால் அந்தக் கணக்கு மாறியிருக்கும். இரண்டு கரைக்கும் ஆசை காட்டிவிட்டு ஏழே நாளில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இவர்களுக்கு இது முதல் முறையாக இருந்தால் மன்னித்துவிடலாம். 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு கப்பல் விட்டதை மறந்துவிட்டார்களா? ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பெரிய கப்பல். அன்றைக்கும் மேடை, மேளம், கொடி எல்லாம் உண்டு. பாதிகூட நிரம்பாமல் ஓடி, நஷ்டத்தில் மூழ்கி, அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றது. ஏன் நின்றது, யார் கணக்குத் தவறியது, கட்டணம் அதிகமா, விளம்பரம் போதாதா என்று எவராவது உட்கார்ந்து ஆராய்ந்து அறிக்கை வைத்திருந்தால், பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே பள்ளத்தில் விழுந்திருக்க மாட்டார்கள். அன்று கப்பல் பெரிதாகப் போனது, 2023-ல் சிறிதாக இருந்தது. மாறியது அவ்வளவுதான்.

யாழ்ப்பாண விமானத்தின் கதையும் அதே ரகம். பலாலி விமான நிலையத்தை 2019 அக்டோபர் 17-ல் திறந்தார்கள். பயணிகள் விமானம் சென்னையிலிருந்து முறையாகப் பறக்க 25 நாள் ஆனது. நான்கு மாதம் பறந்தது. கொரோனாவில் நின்றது, அது யார் குற்றமும் இல்லை. ஆனால் கொரோனா போன பிறகும், கொழும்புக்கு விமானங்கள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தபோதும், யாழ்ப்பாணத்துக்கு மறுபடி பறக்க 2022 டிசம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023-ன் தொடக்கத்தில் காரைக்கால் - காங்கேசன்துறை கப்பல் என்றார்கள். இதோ அடுத்த மாதம் என்றார்கள், ஏப்ரல் கடைசி என்றார்கள். காரைக்கால் அப்படியே கரைந்து நாகப்பட்டினம் ஆனது. தலைமன்னாருக்குக் கப்பல் என்ற பேச்சோ தேர்தலுக்குத் தேர்தல் கரையேறி, முடிவு வந்ததும் கடலுக்குள் போய்விடுகிறது.

ஒரு காலத்தில் இந்தக் கடல் இப்படி இருக்கவில்லை. 1914-லிருந்து தனுஷ்கோடியும் தலைமன்னாரும் ரயிலாலும் கப்பலாலும் சேர்ந்திருந்தன. சென்னையில் ஒரே சீட்டு வாங்கி ‘போட் மெயி’லில் ஏறினால் கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பிறகும் ராமேசுவரத்திலிருந்து கப்பல் போனது. எண்பதுகளில் மூண்ட போர்தான் அதை நிறுத்தியது. புயலாலும் ஒழிக்க முடியாத சேவை, போர் வந்துதான் ஒழிந்தது. 2023-ன் சேவைக்குப் புயலும் தேவைப்படவில்லை, போரும் தேவைப்படவில்லை. மழை வரும் என்ற முன்னறிவிப்பே போதுமானதாக இருந்திருக்கிறது.

உண்மையில் இவர்கள் தொடங்கியது சேவையே இல்லை. ஒரு விழாவைத் தொடங்கினார்கள், முடித்தார்கள். கடை நடத்துகிறவனுக்குத் திறப்பு விழாவைவிட மறுநாள் காலை முக்கியம். மறுநாள் யார் வருவார், எவ்வளவு கொடுப்பார், திரும்ப வருவாரா என்பதுதான் அவன் கவலை. அந்தக் கவலை ஒரு துளிகூட இல்லாதவர்களின் கையில் கப்பலும் விமானமும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. புகைப்படத்தோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. காலி இருக்கையோடு ஓடிய கப்பலின் நஷ்டக் கணக்கைக் காட்டி, நாளைக்கு இதே ஆட்கள், ‘மக்களுக்கு விருப்பமில்லை, சேவையை மூடிவிடலாம்’ என்று பரிந்துரை எழுதினாலும் நாம் வியப்படைய மாட்டோம். 2011-ல் விதைத்ததைத்தான் அறுக்கிறோம்.

கப்பல் நின்றபோது ஜனவரி வெகு தூரத்தில் இல்லை. இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் கட்டணத்தைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டு கரையின் விழாக்காலங்களையும் கணக்கில் வைத்து, ஆண்டு முழுவதற்குமான பயண அட்டவணையைப் போட வேண்டியிருந்தது. சொன்ன தேதியில் சொன்ன நேரத்தில் கப்பல் கிளம்ப வேண்டும். வேளாங்கண்ணி லாட்ஜ்காரரையும் யாழ்ப்பாண வேன்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். உரியவர்கள் உரிய முறையில் இதையெல்லாம் செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம். எதிர்பார்க்க மட்டும்தான் நம்மால் முடியும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள் நடக்கிறது. அப்போது விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். அவற்றின் ஆட்களும் கரையில்தான் இருப்பார்கள். எந்த மாதம் எந்தக் காற்று, எந்த நீரோட்டம் என்று கேட்டால் கூலி வாங்காமல் சொல்வார்கள். அடுத்த முறை கொடி அசைக்க வருகிறவர், அந்தக் கொடி எந்தப் பக்கத்துக் காற்றில் படபடக்கிறது என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டுவிட்டு அசைக்கட்டும்.