ஒரே சாக்கெட்... வேறு வேறு பசி!

பழைய வால்வு ரேடியோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்விட்ச்சைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் மெதுவாகச் செம்மஞ்சளாக ஒளிர்ந்த பிறகுதான் சத்தம் வரும். அந்த ஒளி, வால்வுக்குள் இருக்கும் ஹீட்டருடையது. அது சூடானால்தான் வால்வு வேலை செய்யும். கிடார் ஆம்ப்ளிஃபையர்களில் இந்த வால்வுகளுக்கு இன்றும் மவுசு உண்டு.

ஹீட்டருக்கு மின்சாரம் தருவது பவர் டிரான்ஸ்ஃபார்மர். ஆம்ப்பில் வரும் பெரும்பாலான வால்வுகளுக்கு 6.3 வோல்ட்தான். ஆனால், ஒவ்வொன்றும் இழுக்கும் ஆம்பியர் வேறு. ஆம்ப் செய்யப் பழகுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பைப் பின்பற்றி ஜேடிஎம்45 உருவானது. முதலில் அதில் இருந்தவை இரண்டு 5881 பவர் வால்வுகள். பிறகு கேடி66, அதன் பிறகு இஎல்34. மூன்றுக்கும் ஒரே எட்டுப் பின் சாக்கெட். பசிதான் வேறு!

5881 ஒன்றுக்கு 0.9 ஆம்பியர், கேடி66-க்கு சுமார் 1.3, இஎல்34-க்கு 1.5. கூடவே மூன்று சிறிய இசிசி83 வால்வுகள், தலா 0.3. கூட்டிப் பார்த்தால் 5881 ஜோடியுடன் 2.7 ஆம்பியர், கேடி66 ஜோடியுடன் 3.5, இஎல்34 ஜோடியுடன் 3.9.

டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்று 3 ஆம்பியர்தான் தாங்கும் என்றால்? 5881 நிம்மதியாக ஓடும். இஎல்34 போட்டால் சுமை 30 சதவீதம் அதிகம். அந்தச் சுற்றின் கம்பியில் வெப்பமோ கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடும்! அன்றைக்கே புகை வராது. பாட்டும் நன்றாகவே கேட்கும். கம்பி மேலிருக்கும் வார்னிஷ் மெல்ல மெல்லக் கருகி, ஒருநாள் ஷார்ட் ஆகும். ஆம்ப்பில் விலை அதிகமான பாகங்களில் ஒன்று வீண்!

`5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வால்வு எரிந்துவிடாதா?' என்று சிலர் பயப்படுவார்கள். எரியாது. மாடியில் டேங்க் பெரிது என்பதற்காகக் குழாயில் தண்ணீர் கூடுதலாகக் கொட்டாது. டேங்க் இருக்கும் உயரம்தான் கணக்கு. இங்கே வோல்ட்தான் அந்த உயரம். எல்லா வால்வுகளையும் செருகிய பிறகு அளந்தால் 6.3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது.

கணக்கு எளிது. ஒவ்வொரு வால்வின் ஹீட்டர் ஆம்பியரையும் கூட்டுங்கள். அதற்கு மேல் கால்பங்கு சேருங்கள். 3.9 வந்தால் 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். ஜிஇஸட்34 போன்ற ரெக்டிஃபையர் வால்வுக்குத் தனியாக 5 வோல்ட் சுற்று உண்டு. அதை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: ஹீட்டர் 6.3 வோல்ட்தான் என்றாலும், அதே டிரான்ஸ்ஃபார்மர் 300 வோல்ட்டுக்கு மேலும் தருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்!