மலைக்குள் ஒளிந்த சொற்கள்

சில எழுத்துக்களைக் கொடுத்து, அவை யாவும் அடங்கிய நீண்ட இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டை நேயர்கள் அறிவார்கள். மழை நாளில் குழந்தைகளை ஒரு நாழிகை சண்டையில்லாமல் உட்கார வைக்க இதைப் போன்ற உபாயம் வேறில்லை. காகிதமும் பென்ஸிலும் போதும். அகராதி ஒன்று இருந்தால் தீர்ப்புச் சொல்ல உதவும்.

எழுத்துக்களை எங்கிருந்து எடுப்பது? நம் ஊர்ப் பெயர்களிலிருந்தே எடுக்கலாம் என்பது நமது யோசனை. தர்மபுரி ஜில்லா அரூர்த் தாலுகாவில் உள்ள தீர்த்தமலையை இந்த வாரம் எடுத்துக் கொள்வோம். இராமபிரான் அம்பு எய்து பாறையிலிருந்து நீர் வரவழைத்தார் என்பது ஸ்தல புராணம். தீர்த்தகிரீசுவரரை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியிருக்கிறார். அந்த மலையின் பெயருக்குள் என்னென்ன சொற்கள் ஊறுகின்றன என்று பார்ப்போம்.

முதல் தொல்லை, அந்தப் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதுதான். பழைய முறைப்படி எழுதினால் டி, ஐ, ஆர், டி, எச், ஏ, எம், ஏ, எல், ஏ, ஐ என்று 11 எழுத்துக்கள். திரும்ப வருவனவற்றைத் தள்ளிவிட்டால் டி, ஐ, ஆர், எச், ஏ, எம், எல் என்று ஏழுதான் மிஞ்சும்.

குழந்தைகள் 'மெயில்', 'ரெயில்' என்று தொடங்குவார்கள். அதற்குமேல் போவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. எழுத்துக்களைத் தனித் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. எந்த எழுத்து எதனோடு சேர விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். டி-யும் எச்-சும் இணைபிரியாத தோழர்கள். அவற்றுக்குப் பின் எம் வந்து நிற்கும் சொற்கள் இங்கிலீஷில் சிலவே. அப்படி நிற்பவற்றில் பல, கிரேக்க மொழியிலிருந்து வந்தவை அல்லது கிரேக்க வேஷம் போட்டவை. 'எண்' என்று பொருள்படும் 'அரித்மாஸ்' என்ற கிரேக்கச் சொல் நினைவுக்கு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 'லாகரிதம்' என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். ஒன்பது எழுத்துக்களில் நமது ஏழும் இருக்கின்றன! மிஞ்சுவன ஜி-யும் ஓ-வும். அந்த ஒன்பதையே கலைத்து வேறு விதமாக அடுக்கினால் 'அல்காரிதம்' கிடைக்கிறது.

இந்த இரண்டு சொற்களின் பிறப்பு வெவ்வேறு. லாகரிதம், ஸ்காட்லாந்துக்காரரான ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட நூலின் வழியாக உலகில் புழங்கத் தொடங்கியது. அல்காரிதமோ ஒரு மனிதரின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித மேதை, இந்தியர்கள் எண்களை எழுதிக் கணக்கிடும் முறையைப் பற்றி ஒரு நூல் செய்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குப் போயிற்று. அங்கே ஆசிரியரின் பெயரே கணக்கு முறைக்குப் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் 'அரித்மாஸ்' என்ற சொல்லின் சாயலும் அதன்மேல் படிந்தது. நம் நாட்டு எண்களைப் புகழ்ந்து பரப்பிய நூலால் பிறந்த சொல்லுக்குள், நம் ஜில்லாவின் மலை ஒன்றின் எழுத்துக்கள் முழுவதும் அடங்கியிருப்பது தற்செயல்தான். ஆயினும் அதைக் கண்டபோது நமக்கு உண்டான சந்தோஷம் தற்செயலானதல்ல.

இக்காலத்தில் பெரும்பாலோர் எழுதுகிறபடி டி, எச், ஈ, ஈ என்று தொடங்கினால் ஏழு எட்டாகும். 'ஈ' வந்து சேர்கிறது. உடனே லாகரிதம் தோற்றுப் போகிறது. 'ஐஸோதெர்மல்' என்ற பௌதிகச் சொல் வெல்கிறது. சமமான உஷ்ணமுடையது என்பது பொருள். பதினாறு எழுத்து நீளமுள்ள 'தெர்மோஸ்டாடிக்கலி'யும் செல்லும். ஆனால் நாம் பரிசளிப்பதானால் 'அரித்மெடிகல்' என்ற பன்னிரண்டெழுத்துச் சொல்லுக்கே அளிப்போம். இந்த எட்டு எழுத்துக்களுக்கும் புறம்பாக அதில் இருப்பது ஒரே ஒரு 'ஸி'. பழைய முறையின் 11 எழுத்துக்களை, திரும்ப வருவனவற்றையும் விடாமல், அதில் தேடினாலும் பத்து கிடைத்துவிடுகின்றன. ஓர் 'ஏ' மட்டும் குறைகிறது!

ஓர் எழுத்து மாறினால் சொல்லே மாறுகிறது. ஊர்ப் பெயரோ ஆளுக்கொரு விதமாக எழுதப்படுகிறது. 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசாங்கம் 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப இங்கிலீஷில் திருத்தி உத்தரவு போட்டது. எழுத்துக் கூட்டலைப் பற்றி எழுந்த கூச்சலில் சில தினங்களுக்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பத்திரத்தில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் ஊர்ப் பெயர் இருந்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு இது விளையாட்டல்ல.

இனி நமது சொந்த எழுத்துக்களுக்கு வருவோம். தமிழில் தீர்த்தமலைக்கு ஆறே எழுத்துக்கள்: தீ, ர், த், த, ம, லை. இவற்றுள் மலை, தலை, தமர், மலைத்தீ எல்லாம் இருக்கின்றன. குழந்தையைக் குறிக்கும் 'மதலை'யும் இருக்கிறது. அந்த மதலையிலிருந்து 'ம' போனால் தலை. 'த' போனால் மலை. இப்படி எழுத்தை நீக்கிப் பொருளை மாற்றும் வித்தைக்கு அக்கரச்சுதகம் என்றும், எழுத்தைக் கூட்டிச் செய்வதற்கு எழுத்துவருத்தனம் என்றும் தண்டியலங்காரம் பெயரிட்டு இலக்கணமும் சொல்லியிருக்கிறது. இங்கிலீஷ் விளையாட்டில் மணிக்கணக்காக மூழ்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பார்கள்?

தமிழில் ஒரு கூடுதல் சுவை உண்டு. இங்கிலீஷ் எழுத்துக்கள் 26-உம் தனித்தனியே நிற்பவை. நம்முடையவற்றில் பல, மெய்யும் உயிரும் தழுவி நிற்பவை. அந்தத் தழுவலைப் பிரித்தால் தீர்த்தமலையின் ஆறு எழுத்துக்களும் த், ஈ, ர், த், த், அ, ம், அ, ல், ஐ என்று பத்தாகப் பெருகுகின்றன. உடனே மலர், தரை, ஈரம் ஆகியவை வெளிவருகின்றன. பத்தையும் ஒன்று விடாமல் உபயோகிக்க வேண்டுமென்றால்? இருந்த இடத்தைவிட்டு ஓரெழுத்தையும் நகர்த்த வேண்டியதில்லை: தீர்த்தம், அலை. 'தீர்த்த மலை' என்று பிரித்தால் மலை நிற்கிறது. 'தீர்த்தம் அலை' என்று பிரித்தால் நீர் புரள்கிறது. பிரிமொழிச் சிலேடை என்று பண்டிதர்கள் சொல்வது இதையே.

இவ்விளையாட்டில் காசைக் கலக்க வேண்டாம் என்று மட்டும் பெற்றோரைக் கேட்டுக் கொள்கிறோம். 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் தமிழ்ப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் போட்டிகள் வீடுகளை ஆட்டிவைத்த கதையைப் பாட்டிமார்களிடம் கேட்டவர்கள் உண்டு. முடிவில் 1955-இல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிகளுக்கென்றே சட்டம் செய்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசளிக்கக் கூடாதென்று தடுத்தது. எழுத்துக்களை அடுக்குவதும் மாற்றிச் சேர்ப்பதும் அச்சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே அது பொருந்தும், மெய்யான திறமைக்குப் பொருந்தாது என்று 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு விளக்கியது.

கையிலுள்ள டெலிபோன் யந்திரத்தைக் கேட்டால் க்ஷணத்தில் நூறு சொற்களைக் கொட்டிவிடும். அது தேடுவதும் ஓர் அல்காரிதத்தைக் கொண்டுதான்! குழந்தை தன் கையால் மூன்று சொற்களாவது எழுதிய பிறகு யந்திரத்தைத் திறப்பது என்று வீட்டில் ஒரு விதி செய்து கொள்ளலாம்.

அடுத்த வாரத்துக்குத் தர்மபுரியையே எடுத்துக் கொள்வோம்: த, ர், ம, பு, ரி. பார்த்த மாத்திரத்தில் ஒரு 'புதர்' தென்படுகிறது. அதற்குள் வேறென்ன பதுங்கியிருக்கிறது என்று நேயர்கள் கிளறிப் பார்க்கட்டும்.