வசனக் கணக்கும் தமிழாசிரியன் கடமையும்

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டவர்கள், யான் இலக்கியப் பொருளொன்றையே எழுதுவேன் என எண்ணியிருத்தல் கூடும். யானோ கூட்டல் விருத்தியைப் பற்றி எழுதத் துணிந்தேன். கணித ஆசிரியர்கள் பொறுத்தருள்க. என் வகுப்பறையில் நேர்ந்த ஒரு தவறே இதற்குக் காரணம். அத்தவறும் மாணவனுடையதன்று, என்னுடையது.

சில ஆண்டுகளின் முன், கணிதத்திற் பின்தங்கியவன் எனப் பெயர்பெற்ற மாணவன் ஒருவன், தமிழ்ப் பாடவேளையிலே கணக்கொன்றை மறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிப் படித்தேன். கிணற்றிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் ஒரு வாழை. அதிலிருந்து அதே நேர்வரிசையில் 3 மீற்றருக்கு ஒன்றாக, மொத்தம் 12 வாழைகள். ஒருவன் கிணற்றிலிருந்து ஒவ்வொரு வாழைக்கும் ஒவ்வொரு குடம் நீர் சுமந்து சென்று ஊற்றி மீண்டான். அவன் நடந்த மொத்தத் தூரம் யாது? மாணவன் கண்ட விடை 318 மீற்றர். சரியான விடையோ 636 மீற்றர்.

அவன் செய்கையிற் கூட்டற் பிழையுமில்லை, பெருக்கற் பிழையுமில்லை. “மீண்டான் என்பதன் பொருள் என்ன?” என்று வினவினேன். “மீண்டும் மீண்டும் ஊற்றினான் என்பதுதானே, ஐயா” என்றான். திரும்பிவந்த வழி முழுவதும் அவன் கணக்கில் விடுபட்டுப்போயிற்று. மீளுதல் என்னுஞ் சொல்லை அவனுக்குக் கற்பித்திருக்க வேண்டியவன் யானன்றோ?

சொல் விளங்கியதும் கணக்கு விளங்கிற்று. முதல் வாழைக்குப் போய்வர 20 மீற்றர், அடுத்ததற்கு 26, அதற்கடுத்ததற்கு 32. வாழைகள் 12 எனினும் இடைவெளிகள் 11 மாத்திரமே. ஆகவே ஈற்று வாழைக்குப் போய்வர 86 மீற்றர். முதலும் ஈறும் சேர 106. இரண்டாவதும் ஈற்றயலும் சேர்ந்தாலும் அதே 106. இவ்வாறு ஆறு சோடிகள், ஆகவே 636. வாய்பாட்டை உருப்போட்டு அறிந்திருந்த அவன், அது ஏன் பிறந்தது என்பதை அன்றே கண்டான்.

வசனக் கணக்கில் மாணாக்கர் இடறுவது பெரும்பாலும் எண்ணிலன்று, வசனத்திலே என்பது என் கருத்து. “முதல் மாதம் 500 ரூபா சேமித்தான், பின்னர் ஒவ்வொரு மாதமும் 100 ரூபா கூடுதலாகச் சேமித்தான்” என்பதை நோக்குக. முதல் மாதத்திலும் கூடுதலா? முன்னைய மாதத்திலும் கூடுதலா? முன்னதாயின் இரண்டாம் மாதந் தொடங்கி 600 ரூபாவே. ஓராண்டுச் சேமிப்பு 7,100 ரூபா. பின்னதாயின் 500, 600, 700 என வளர்ந்து 12,600 ரூபா. இவற்றுட் பின்னதே கூட்டல் விருத்தி. இங்கே பிழை வினா எழுதியவருடையது, தண்டனையோ மாணவனுக்கு.

“கூட்டு வட்டி” என்னுந் தொடரும் இத்தகையதே. பெயரிலே “கூட்டு” இருத்தலாற் கூட்டல் விருத்தியென மயங்குவோர் பலர். 10,000 ரூபா, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து எளிய வட்டியில் 11,000, 12,000, 13,000 என வளரும். இது கூட்டல் விருத்தி. கூட்டு வட்டியிலோ 11,000, 12,100, 13,310 என வளரும். இது பெருக்கல் விருத்தி. கடன் வாங்குமுன் இவ்வேறுபாட்டை அறியாதவன் வாழ்விலும் இடர்ப்படுவான்.

மொழியையும் கணிதத்தையும் இன்று நாம் வெவ்வேறு அறைகளில் வைத்துள்ளோம். முன்னோர் அங்ஙனம் வைத்திலர். 1150ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி, விருத்திக் கணக்குகளையும் செய்யுளிலேயே கூறுகின்றது. நம் தமிழிலுள்ள கணக்கதிகாரமும் செய்யுள் நூலே. பாட்டின் பொருளை உணராதவன் அங்கே விடை காணல் இயலாது.

தமிழ்ப் பாடத்திற்குரிய நேரமே போதாதிருக்க, கணக்கிற்கும் அதில் இடங்கொடுப்பதோ என்பார் உளர். யான் கேட்பது வாரத்தில் ஒரு கால்மணி நேரமே. வசனக் கணக்கொன்றை மாணவன் உரக்கப் படித்து, எழுதுகோலைத் தொடாமல், தன் சொல்லில் அதனைத் திருப்பிக் கூறுக. பொருளுணர்ந்து படித்தலுக்கு இதனினுஞ் சிறந்த பயிற்சி எது? கணித ஆசிரியர்களும், வாய்பாட்டை எடுக்குமுன் முதல் மூன்று உறுப்புகளை எழுதும்படி பணிப்பாராக. வாசிப்பிற் பிழையிருப்பின் அங்கேயே அது வெளிப்படும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தோட்டத்திலும் கடையிலும் வங்கியிலும் கட்டடத் தொழிலிலும் இருக்கின்ற நீங்கள், உங்கள் தொழிலில் எதிர்ப்படும் கணக்குகளைத் தெளிந்த தமிழில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்புங்கள். கட்டடத்திற்கு நீங்கள் தரும் கல்லினும் அது குறைந்த கொடையாகாது.

அந்த மாணவனைக் கணிதம் வராதவன் என்று ஆசிரியர் அறையிற் கூறியவர்களுள் யானும் ஒருவன். அவனுக்கு வராதிருந்தது ஒரு தமிழ்ச் சொல்லே. இன்னுமொருவனை அவ்வாறு கூறுமுன், அவன் வாயால் அக்கணக்கை ஒருமுறை படிக்கக் கேட்போமாக.