ஊதியம் கேட்டதாலா கல்லூரிகள் மூழ்குகின்றன?

2025 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த டேட்டன் நகரில் இரண்டு ஏழைக் கல்லூரிகள் கூடைப்பந்து ஆடின. ஒன்று அலபாமா ஸ்டேட் பல்கலைக்கழகம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் ஒன்பது பேர் 1867இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த நிறுவனம் அது. மற்றொன்று பென்சில்வேனியாவின் மலைப்பகுதிச் சிற்றூரான லொரெட்டோவில் பிரான்சிஸ்கன் துறவிகள் 1847இல் நிறுவிய செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம். 34 ஆண்டுகளுக்குப் பிறகு அது தேசியப் போட்டிக்குள் நுழைந்திருந்தது. 68க்கு 68 என்று சமநிலையில் நின்ற ஆட்டத்தின் கடைசி நொடிகளில், களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வீசப்பட்ட பந்து தட்டுப்பட்டு ஓர் அலபாமா வீரரின் கையில் விழுந்தது. அவர் அதைக் கூடைக்குள் போட்டார். லொரெட்டோ தோற்றது.

அந்தக் கூடையின் விலை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். இது உயர்வு நவிற்சி அன்று. இப்போட்டியில் ஓர் அணி பெறும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் வெற்றிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆறாண்டுகளில் தவணையாக வழங்கப்படும் அந்தப் பங்கின் மொத்த மதிப்பு சுமார் அவ்வளவு. தொகை நேரே கல்லூரிக்குப் போவதில்லை. அக்கல்லூரி சார்ந்த கூட்டமைப்புக்குப் போய், உறுப்புக் கல்லூரிகளிடையே பிரிந்து, கடைசியில் கையில் சேர்வது சொற்பமே. அந்தச் சொற்பமும் இவ்விரு நிறுவனங்களுக்குப் பெரிது. பெரிய பல்கலைக்கழகங்களின் அணிகள் களமிறங்குவதற்கு முன்னரே, இரு ஏழைகளை ஒருவரோடொருவர் மோதவிட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

தோற்று ஒரு வாரம் ஆவதற்குள் செயின்ட் பிரான்சிஸ் நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவிலிருந்து விலகி, 2026 முதல் மூன்றாம் பிரிவுக்குப் போகிறோம் என்றது. வீரர்களுக்குப் பணம் தருவது, வீரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது ஆகியவை விளையாட்டின் மீதான அன்பிலிருந்து விளையாட்டை விலக்கிச் செல்கின்றன என்பது அதில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. நல்லெண்ணம் கொண்ட பலரும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். வீரர்கள் கூலி கேட்கத் தொடங்கினார்கள், சிறு கல்லூரிகள் சாகத் தொடங்கின என்பது அவர்களது கணக்கு. தொழிலாளி ஊதியம் கேட்டதால் ஆலை மூடப்பட்டது என்ற பழைய பாட்டை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இங்கே அதைக் காவியுடை தரித்த துறவிகளல்லர், பிரான்சிஸ்கன் துறவிகள் பாடுகிறார்கள், அவ்வளவே வேறுபாடு.

கணக்கைப் பார்ப்போம். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, முன்னாள் வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் 280 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். இனி ஒரு கல்லூரி, விரும்பினால், தன் வீரர்களுக்கு முதலாண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பகிரலாம். "விரும்பினால்" என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். லொரெட்டோ ஒரு காசும் பகிர வேண்டியதில்லை. ஆனால் இழப்பீட்டுத் தொகையின் கணிசமான பகுதி, தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கெல்லாம் ஆண்டுதோறும் பிரித்துத் தரும் பணத்திலிருந்து பிடித்தம் செய்யப்படுகிறது. பெரும் பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களின் உழைப்பில் சேர்த்த செல்வத்துக்கான கடனை, அச்செல்வத்தை அனுபவிக்காத சிறு கல்லூரிகளும் சேர்ந்து அடைக்கின்றன. சிறு கல்லூரியைக் கடித்தது வீரரின் கூலியன்று. அந்தக் கூலியை யார் தலையில் சுமத்துவது என்று முடிவு செய்தவர்களின் பேனா.

பணம் இல்லையா என்ன? ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை சிபிஎஸ், டர்னர் நிறுவனங்கள் 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு வாங்கின. 2016இல் மேலும் 880 கோடி டாலர் தந்து 2032 வரை நீட்டித்துக்கொண்டன.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கிடுகிறது. தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைப் பெயர்க்கும்போதெல்லாம் 'ஸ்டூடண்ட் அத்லெட்' என்ற சொல்லில் என் பேனா நின்றுவிடுகிறது. 'மாணவ வீரர்' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இது என்ன தொகை? மாணவரும் வீரரும் என்று விரியும் உம்மைத்தொகையா? மாணவராகிய வீரர் என்று விரியும் பண்புத்தொகையா? பல நாள் யோசித்த பிறகு எனக்குத் தோன்றியது, இது அன்மொழித்தொகை. சொல்லில் இல்லாத ஒன்றைக் குறிக்கவே இச்சொல் பிறந்தது. அந்த இல்லாத சொல், தொழிலாளி. நம் தமிழிலும் விளையாடுபவரை 'வீரர்' என்றே அழைக்கிறோம். வீரருக்கு மாலை உண்டு, புகழ் உண்டு. காயப்பட்டால் இழப்பீடு கேட்கும் வழக்கம் இல்லை.

இது இலக்கணக்காரனின் கற்பனை அன்று. 1955இல் கொலராடோவின் ஃபோர்ட் லூயிஸ் என்ற சிறு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ரே டென்னிசன் என்பவர் இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்ற கருத்தில் 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. வீரர்களைத் தொழிலாளர்களாகக் கருதிவிடுவார்களோ என்ற அச்சத்தில்தான் 'மாணவ வீரர்' என்ற சொல்லை உருவாக்கி விதிகளிலெல்லாம் புகுத்தினோம் என்று, 1951 முதல் 1988 வரை என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பயர்ஸ் 1995இல் வெளியிட்ட தம் நூலில் ஒப்புக்கொண்டார். சொல்லைச் செய்தவரே சொன்ன வாக்குமூலம் அது.

அதே 1955இல் செயின்ட் பிரான்சிஸின் மிகச் சிறந்த வீரர் பட்டம் பெற்று வெளியேறினார். அவர் பெயர் மாரிஸ் ஸ்டோக்ஸ். எஃகுத் தொழிற்பகுதியான ராங்கினில் பிறந்த கறுப்பின இளைஞர். தொழில்முறைக் கூடைப்பந்தில் முதலாண்டிலேயே சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். 1958 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். மயக்கம் தெளிவித்து மீண்டும் ஆட விட்டார்கள். மூன்று நாள் கழித்து விமானப் பயணத்தில் நினைவிழந்தார். நினைவு திரும்பியபோது உடல் செயலிழந்திருந்தது. அணித்தோழரான ஜாக் ட்வைமன் என்ற வெள்ளையர் அவருடைய சட்டபூர்வக் காப்பாளராகி, ஓஹையோ அரசிடம் போராடித் தொழிலாளர் இழப்பீடு பெற்றுத் தந்தார். மருத்துவச் செலவுக்காக ஆண்டுதோறும் நிதி ஆட்டம் நடத்தினார். 1970இல் 36 வயதில் ஸ்டோக்ஸ் இறந்தார். டென்னிசனின் மனைவிக்கு மறுக்கப்பட்டது ஸ்டோக்ஸுக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், அவரை யாரும் 'மாணவ' என்று அழைக்க முடியவில்லை என்பதுதான். அவரைத் தன் மண்ணில் புதைத்து, தன் விளையாட்டரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது செயின்ட் பிரான்சிஸ். ஊதியத்தை விளையாட்டன்பின் பகையாகச் சித்திரிக்கும் அறிவிப்பும் அங்கிருந்தே வந்திருக்கிறது.

மூன்றாம் பிரிவு என்பது என்ன? 430க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கொண்ட பெரிய பிரிவு அது. அங்கே விளையாட்டுக்காகக் கல்வி உதவித்தொகை தரக்கூடாது. வணிகம் புகாத தூய விளையாட்டு என்று அதைப் பலர் போற்றுகிறார்கள். ஓரளவு உண்மைதான். முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், மறுநாள் வேதியியல் தேர்வு எழுதப்போகும் இளைஞர் ஆடும் ஆட்டத்தில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் அங்கும் கணக்குப் புத்தகம் உண்டு, அது தலைகீழாக எழுதப்படுகிறது. பெரிய பல்கலைக்கழகம் வீரரைக் காட்டிப் பார்வையாளரிடம் பணம் பெறுகிறது. சிறு கல்லூரி விளையாட்டைக் காட்டி வீரரிடமே பணம் பெறுகிறது. மிச்சிகனில் உள்ள ஏட்ரியன் கல்லூரி 2005இல் ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்களோடு தள்ளாடிக்கொண்டிருந்தது. புதிய அணிகளைத் தொடங்கி, ஒவ்வொரு பயிற்சியாளரும் இத்தனை மாணவர்களைச் சேர்த்தாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. சில ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானது. அதன் தலைவர் இதைச் சிறு கல்லூரிகளை மீட்கும் திட்டமாக நூலாகவே எழுதினார். நாடெங்கும் பின்பற்றினார்கள். பயிற்சியாளர் ஆள்பிடிக்கும் முகவரானார். ஆட்டத்தில் இறங்க வாய்ப்பே இல்லாத இருபத்தைந்தாவது ஆட்டக்காரரும் கட்டணம் செலுத்துகிறார் அல்லவா! அதற்காகத்தான் அவர் அணியில் இருக்கிறார்.

எல்லாரும் அதே தூண்டிலைப் போட்டால் குளத்தில் மீன் எவ்வளவு நாளைக்கு? 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு குறைந்தது. அந்தக் குழந்தைகள் இப்போதுதான் கல்லூரி வயதை எட்டுகிறார்கள். மாணவரைப் பிடிக்க அறிவித்த கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடி தருகின்றன தனியார் கல்லூரிகள். விளையாட்டு கல்லூரியைக் காப்பாற்றவில்லை. மூழ்கும் நேரத்தைத் தள்ளிவைத்தது.

இதற்கு அலபாமாவின் பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரியைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1856இல் வேரூன்றிய கல்லூரி. சிறு கல்லூரிகளுக்கான தேசியக் கூடைப்பந்துப் பட்டத்தை 1990இலும் 1995இலும் வென்றது. அந்தப் பெருமையில் முதல் பிரிவுக்கு ஏறியது. செலவு தாங்காமல் 2006இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவெடுத்தது. இன்று லொரெட்டோ செய்வதை இருபதாண்டுக்கு முன்பே செய்து பார்த்த கல்லூரி அது. வீரருக்கு ஊதியம் என்ற பேச்சே அங்கு எழவில்லை, உதவித்தொகைகூட இல்லை. ஆயினும் கடன் ஏறியது. நெருக்கடியில் உள்ள கல்லூரிகளுக்குக் கடன் தர மாநிலச் சட்டமன்றம் 2023இல் ஒரு திட்டம் இயற்றியது. விண்ணப்பித்த பர்மிங்ஹாம் சதர்னுக்கு மாநிலக் கருவூலர் கடன் மறுத்தார். அதே மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்துப் பயிற்சியாளர் நிக் சேபனின் ஆண்டு வருமானம் அப்போது ஒரு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2024 மே 31 அன்று கல்லூரி மூடப்பட்டது. அன்றைக்கு அதன் பேஸ்பால் அணி ஓஹையோவில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லை, அணி இருந்தது. செய்தித்தாள்கள் அதை வீரக்கதையாக எழுதின. வேலையிழந்த ஆசிரியர்களும் சமையற்கூடப் பணியாளர்களும் அந்தக் கதையில் இடம்பெறவில்லை.

கறுப்பினக் கல்லூரிகளின் நிலை இன்னும் கசப்பானது. பருவத் தொடக்கத்தில் அவற்றின் கூடைப்பந்து அணிகள் பெரிய பல்கலைக்கழகங்களின் அரங்குகளுக்கு அலைந்து, பெரும்பாலும் தோற்று, அதற்கு ஈடாக ஓர் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு திரும்புகின்றன. தோற்பதற்குக் கூலி! அந்தக் கூலியும் ஆடியவருக்கன்று, கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு. அரசு நில மானியத்தில் உருவான கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மூன்று பதிற்றாண்டுகளில் சேர வேண்டிய 1,200 கோடி டாலருக்கும் மேல் தரப்படவில்லை என்று, அலபாமா உள்ளிட்ட 16 மாநில ஆளுநர்களுக்கு 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர்கள் இருவர் கடிதம் எழுதினார்கள். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு, சில லட்சம் டாலருக்காக இளைஞர்களை அடி வாங்க அனுப்பும் ஏற்பாட்டை நோக்குங்கள்.

வீரர்கள் என்ன செய்தார்கள்? டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து அணியினர் பதினைந்து பேர். அங்கும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. கல்லூரியின் அறக்கட்டளைச் சொத்தோ 800 கோடி டாலருக்கு மேல். அக்கல்லூரி உணவுக்கூடத்தில் வேலை செய்யும் மாணவர்கள் முன்னரே சங்கம் அமைத்து ஊதிய உயர்வு பெற்றிருந்தார்கள். அணியிலிருந்தும் அங்கே வேலை செய்தவர்கள் உண்டு. உணவுக்கூடத்தில் தொழிலாளி, களத்தில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார்கள். 2024 மார்ச் 5 அன்று 13க்கு 2 என்ற வாக்கில் சேவைத் துறை ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஒளிபரப்புக் கோடிகள் புரளும் பல்கலைக்கழகத்தில் அன்று. தோல்வி பழகிய ஓர் அணியில் இது நடந்தது. அவர்கள் முதன்மையாகக் கேட்டவை காயத்துக்கான மருத்துவப் பாதுகாப்பும் நியாயமான ஊதியமும்தான். நிர்வாகம் பேச மறுத்தது. டிரம்ப் நியமிக்கவிருந்த தொழிலாளர் உறவு வாரியத்தின் கையில் வழக்குச் சிக்கினால் பாதகமான முன்னுதாரணம் உருவாகும் என்று கருதி, 2024 டிசம்பர் 31 அன்று சங்கம் மனுவைத் திரும்பப் பெற்றது. பின்வாங்கல்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று வாக்குகளை எண்ணிய அதிகாரிகள் அவற்றைத் தொழிலாளர் வாக்குகளாகவே எண்ணினார்கள்.

2026 முதல் லொரெட்டோவில் கூடைப்பந்து ஆட வரும் இளைஞருக்கு ஆட்டத்துக்காக உதவித்தொகை எதுவும் கிடையாது. மாரிஸ் ஸ்டோக்ஸின் பெயர் பொறித்த கட்டடத்துக்குள் அவர் கட்டணம் செலுத்திவிட்டு நுழைவார்.