ஏசிக்கு முன் மொட்டை மாடி

மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு, சென்னையில் ஏதாவதொரு மேல் மாடி வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்துப் பாருங்கள். கை சுடும். வெளியே கடல் காற்று வீசினாலும், உள்ளே மின்விசிறி அனலைத்தான் இறைத்துக்கொண்டிருக்கும்.

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. அதற்கு மக்கள் காணும் வழி ஏசி. தலைக்கு மேல் அடுப்பு எரிய, கீழே குளிருக்குக் காசு கட்டுகிறார்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினாலோ கட்டண விகிதமே ஏறிவிடுகிறது.

பழைய கொத்தனார்கள் இந்தச் சூட்டை அறிந்திருந்தார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைநீர் இறங்காமல் காத்த அந்தத் தளம் வெயிலின் கடுமையையும் தணித்தது. இன்று பல வீடுகளில் சிமென்ட் பூச்சோடு வேலை முடிந்துவிடுகிறது.

கடுக்காய்த் தண்ணீருக்கே திரும்பத் தேவையில்லை. வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சும் வெள்ளை ஓடும் கடைகளில் கிடைக்கின்றன. புது வீடென்றால் தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் நுரை அட்டை வைக்கலாம். வெள்ளைப் பூச்சில் தூசி படிந்தால் பலன் குறையும். அவ்வப்போது கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

வாடகை வீட்டில்தான் சிக்கல். மாடியைச் சரிசெய்ய வேண்டியவர் உரிமையாளர். கரண்ட் பில் கட்டுபவரோ குடியிருப்பவர். அவரவர் விருப்பத்துக்கு விட்டால் இது நடக்காது, சட்டம் வேண்டும்.

தெலங்கானா 2023இல் குளிர் கூரைக் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டிடங்களுக்கும் வணிகக் கட்டிடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’, வீட்டுக் கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வகுத்திருக்கிறது. மாநிலங்கள் தங்கள் கட்டிட விதிகளில் சேர்த்தால்தான் அதற்கு வலு.

மழைநீர் சேகரிப்பை 2003இல் வீடுதோறும் கட்டாயமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. வரைபட அனுமதியின்போது மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்கும் அதிகாரிகள், மாடியில் வெப்பத் தடுப்பு எங்கே என்றும் கேட்கட்டும். அரசு கட்டித்தரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.